புதுப்பிப்பு: ஒரே புள்ளி, வெவ்வேறு இடம்

மன்றத்துச் சதுரங்கப் போட்டியில் ஒரே புள்ளி எடுத்த இருவரில் ஒருவர் மேலேயும் மற்றவர் கீழேயும் வருவது எப்படி என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். போட்டி முடிந்ததும் நடுவர் பட்டியலைக் காட்டியே விளக்கினார். ஒரே புள்ளி எடுத்தவர்களை வரிசைப்படுத்தும் புக்கோல்ஸ் கணக்கில், நாம் எதிர்கொண்டவர்கள் போட்டி முழுவதும் எடுத்த புள்ளிகள் கூட்டப்படுகின்றன; கூட்டுத்தொகை அதிகமுள்ளவர் மேலே வருவார். சுவிஸ் முறையில் கிட்டத்தட்ட ஒரே புள்ளியில் இருப்பவர்களே மோதுவதால், முதல் சுற்றில் தோற்றவர் பின்னர் எளிய எதிராளிகளைச் சந்தித்து மேலே வந்தாலும், அவருடைய கூட்டுத்தொகை பெரும்பாலும் குறைந்தே இருக்கும். மிகக் குறைவாக எடுத்த ஓர் எதிராளியின் புள்ளியை விட்டுவிடும் முறையும் உண்டு. அதுவே நியாயமானது என்பது என் கருத்து.

இறுதிச் சுற்றில் ஓர் இளம் வீராங்கனை, யானையும் சிப்பாயும் கொண்ட எதிராளியைத் தனி யானையால் சமன் செய்தார். பிரெஞ்சு சதுரங்க வீரர் பிலிடோர் 18-ஆம் நூற்றாண்டிலேயே காட்டிய வழி அது: ராஜா சிப்பாயின் பாதையை மறித்து நிற்க, யானை தன் பக்கத்து மூன்றாம் வரிசையைக் காக்கிறது, சிப்பாய் அந்த வரிசைக்குள் வந்தவுடன் யானை மறுகோடிக்குச் சென்று பின்னாலிருந்து தொடர்ந்து செக் வைக்கிறது. அந்த அரைப் புள்ளியால் அவரை முன்பு எதிர்கொண்ட அனைவரின் புக்கோல்ஸும் உயர்ந்தது.