கட்டில்ல படுத்தா முழிப்பு, சோபால உட்கார்ந்தா தூக்கம். யாருக்காச்சும் இப்படி இருக்கா?

பட்டர்வொர்த் மோட்டார்:
வணக்கம். வயசு 41, பினாங்கு பாயான் லெப்பாஸ்ல கிலாங் (தொழிற்சாலை) வேலை. ஆறு வருஷம் 12 மணி நேர ஷிப்ட், ரெண்டு வாரம் பகல் ரெண்டு வாரம் ராத்திரின்னு ஓடுச்சு. போன தீவாளிக்கு அப்புறம் பகல் ஷிப்ட் மட்டும்னு மாத்திட்டாங்க, அப்பாடா இனிமே மனுசனாட்டம் தூங்கலாம்னு பார்த்தா அதுக்கப்புறம்தான் தூக்கமே சுத்தமா போச்சு. வாரத்துல நாலு அஞ்சு நாள் இதே கதை. நேத்து விட்டத இன்னிக்கி புடிக்கணும்னு 9 மணிக்கே படுத்துடுறேன், 11 ஆவும், 1 ஆவும், போன எடுத்து பார்த்து பார்த்து எழுந்திரிக்க இன்னும் எத்தன மணி நேரம்னு கழிச்சுகிட்டே கெடப்பேன். மேல பேன் வேற ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு டக். விடியக்கால சுபோ பாங்கு சொல்ற நேரத்துக்குதான் கண்ணு அசத்தும், அப்ப கெளம்பணும்.

கூத்து என்னன்னா ராத்திரி சாப்பிட்டு சோபால உட்கார்ந்தா டிவி செய்தி முடியறதுக்குள்ள வாய பொளந்துகிட்டு தூங்குறேன், வீட்டுக்காரி போட்டோ எடுத்து குடும்ப வாட்சப் குரூப்ல போட்டுட்டா. எழுப்பி ரூமுக்கு அனுப்புவா, தலகாணில தல பட்டதும் சுவிட்ச் போட்டாப்ல முழிப்பு.

பார்மசில தூக்கம் வர்ற அலர்ஜி மாத்திரை வாங்கி போட்டேன், மூணு நாள் கேட்டுச்சு அப்புறம் கேக்கல. மாமியார் பாலிக் பூலாவ் ஜாதிக்காய அரைச்சு பால்ல கலக்கி குடுத்தாங்க. போன வாரம் பினாங்கு பாலத்து மேல மோட்டார்ல கண்ணு சொருகி பின்னால வந்த லோரி ஹாரன்லதான் முழிச்சேன். அதான் எழுதுறேன்.

செந்தூல் அக்கா:
தம்பி, அம்மா தவறினப்ப எனக்கு ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் இருந்துச்சு. வாரத்துக்கு மூணு ராத்திரிக்கு மேல, மூணு மாசத்துக்கு மேல போனா அத நாள்பட்ட தூக்கமின்மைன்னே டாக்டர் எழுதுவாங்க, நீங்க அத தாண்டியாச்சு. எனக்கு புரிய ரொம்ப நாள் ஆச்சு, ஆரம்பிச்சு வச்ச காரணம் வேற அத புடிச்சு வச்சிருக்கிற காரணம் வேற. ஷிப்ட் போயிடுச்சு, ஆனா நீங்க 9 மணிக்கு படுக்கறது, போன்ல கணக்கு போடுறது, இதெல்லாம்தான் இப்ப தீனி. கட்டில் உங்களுக்கு தூங்குற எடம் இல்ல, கவலப்படுற எடம். சோபால தூங்கணும்னு யாரும் உங்கள கேக்கல, அதான் அங்க வருது.

எனக்கு சிபிடி-ஐன்னு (தூக்கமின்மைக்கு நெனப்பையும் பழக்கத்தையும் மாத்துறது) ஒரு சிகிச்ச குடுத்தாங்க, மாத்திரைக்கு முன்னாடி மொதல்ல குடுக்க வேண்டியதே அதானாம். ரெண்டு விஷயம்தான் பெருசு. ஒன்னு, தூக்கம் கண்ண அமுக்குனாதான் கட்டிலுக்கு போவணும், ஒரு 20 நிமிஷம் போல வரலன்னா (மணி பார்க்காதீங்க, குத்துமதிப்பா) எழுந்து வெளிய வந்துடணும், இத 1972லயே பூட்சின்னு ஒரு அமெரிக்க உளவியல்காரர் எழுதி வச்சிட்டாரு. நான் ராத்திரி ரெண்டு மணிக்கு ஹால்ல உட்கார்ந்து துணி மடிச்சேன், அந்த மாசம் வீட்டுல எல்லா துணியும் நேர்த்தியா இருந்துச்சு.

இன்னொன்னு கேட்டா திட்டுவீங்க, கட்டில்ல இருக்கிற நேரத்த கொறைக்கணும். ரெண்டு வாரம் எழுதி பார்த்ததுல நான் தூங்குனது சராசரி அஞ்சரை மணி நேரம், அதனால 12 மணிக்கு முன்னாடி படுக்கக்கூடாது, அஞ்சரைக்கு எழுந்துடணும், ஞாயித்துக்கெழமையும் அதே. படுத்த நேரத்துல 85 விழுக்காடு தூங்கிட்டா அடுத்த வாரம் 15 நிமிஷம் கூட்டுவாங்க. அஞ்சு மணி நேரத்துக்கு கீழ எறக்க மாட்டாங்க. மொத வாரம் நரகம்லா, ஆபீஸ்ல பைல தலகீழா புடிச்சிருந்தேன். ஆறாவது வாரம் ஒரு ராத்திரி படுத்தது ஞாபகம் இருக்கு, அதுக்கப்புறம் ஒன்னும் ஞாபகம் இல்ல. ஆனா நீங்க மோட்டார் ஓட்டுறவரு, இத தனியா செய்யாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லிட்டு செய்ங்க. வலிப்பு இருக்கவங்களும் அப்படித்தான்.

பழைய கிலாங் ஆளு:
அண்ணே, சிஸ் சொன்னது சரி. நான் ஒன்னு கேக்குறேன், நீங்க குறட்டை விடுவீங்களா? நடுவுல மூச்சு நின்னு பொறவு தெணறி இழுக்குதான்னு வீட்டுக்காரம்மாகிட்ட கேளுங்க. அது வேற வியாதி, நேரத்த கொறைச்சா தீராது. எனக்கு அதான் இருந்துச்சு, பல வருஷம் வெறும் டென்ஷன்னு நெனச்சேன். கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க கிளினிக்) ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி பார்த்தா மேல ஆஸ்பத்திரிக்கு எழுதி குடுப்பாங்க.

அப்புறம் வேல முடிஞ்சி மாமாக் கடையில தே தாரேக்கா (ஆத்துன பால் டீ)? ஆறு மணிக்கு குடிச்சா 11 மணிக்கும் அதுல உள்ள கேஃபின் (தூக்கத்த கெடுக்குற சரக்கு) கிட்டத்தட்ட பாதி ஒடம்புல நிக்கும். ஜாதிக்காய ஒரு சிட்டிகைக்கு மேல போடாதீங்க, அதிகமானா நெஞ்சு படபடக்கும், இல்லாதத எல்லாம் கண்ணுல காட்டும்.

பட்டர்வொர்த் மோட்டார்:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். தே தாரேக் ஒன்னு இல்ல அண்ணே, ரெண்டு. இனிமே மத்தியானத்தோட சரி. குறட்டை பத்தி வீட்டுக்காரிகிட்ட கேட்டேன், பதிலே சொல்லல, போன எடுத்து ஒரு வீடியோ போட்டு காட்டுறா, சிங்கம் மாதிரி சத்தம், நடுவுல கொஞ்ச நேரம் ஒன்னுமே இல்ல, அப்புறம் ஒரு வெட்டு. அதையே டாக்டர்கிட்ட காட்டிக்கிறேன். திங்கக்கெழம லீவு போட்டாச்சு, அதுவரைக்கும் மோட்டார் வேணாம்னு கூட வேல செய்ற பையன் கார்ல வரேன்.

செந்தூல் அக்கா:
வீடியோவ அழிச்சிடாதீங்க தம்பி. பேனுக்கும் ஆள கூப்பிடுங்க.