எம்பிஏ எஸ்ஸேல பலவீனத்தை எந்த அளவுக்கு உண்மையா எழுதலாம்?

கேள்வி:
இன்சியாட்ங்கிற பிசினஸ் ஸ்கூலுக்கு எம்பிஏ அப்ளை பண்றேன். நீங்க எப்படிப்பட்ட ஆளு, பலம் என்ன பலவீனம் என்னன்னு ஒளிக்காம எழுதச் சொல்லி ஒரு எஸ்ஸே, சுமார் 500 வார்த்தை. "எல்லாம் பர்ஃபெக்டா இருக்கணும்னு நினைப்பேன்"னு எழுதி வெச்சேன், திரும்பப் படிச்சா எனக்கே பொய்யா தெரியுது. நெஜத்துல என் பிரச்சினை, வேலை லேட்டாகும்னு தெரிஞ்சாலும் கடைசி நாள் வரைக்கும் வாய் திறக்க மாட்டேன். 2 வருஷம் முன்னாடி இதனாலயே ஒரு ரிலீஸ் தள்ளிப்போய் டீம் மொத்தமும் சனி ஞாயிறு வந்து உக்காந்தாங்க. இதை எழுதினா ரிஜெக்ட் ஆயிடுமா? காலேஜ்ல 3 அரியர் வேற இருக்கு, அதையும் இதுலயே சொல்லிடவா?

பதில் 1:
அந்த ரிலீஸ் கதையையே எழுதுங்க ப்ரோ. ரெகமெண்டேஷன் லெட்டருக்கு நிறைய ஸ்கூல் யூஸ் பண்ற பொதுப் படிவத்துல, இவருக்கு நீங்க சொன்ன முக்கியமான ஃபீட்பேக் என்ன, அதை எப்படி எடுத்துக்கிட்டாருன்னு ஒரு கேள்வியே இருக்கு. உங்க மேனேஜர் அதுல "லேட்டானா சொல்ல மாட்டான்"னு எழுதி, நீங்க பர்ஃபெக்ஷன்னு எழுதினா ரெண்டும் ஒரே ஃபைல்லதான் இருக்கும்.

பதில் 2:
எழுதலாம், ஆனா "இப்ப முழுசா மாறிட்டேன்"னு மட்டும் முடிக்காதீங்க. எனக்கு இன்டர்வியூ எடுத்தவர் பழைய மாணவர், நேரா கேட்டது "கடைசியா எப்ப அப்படி நடந்துச்சு?" ரெண்டு மாசம் முன்னாடிதான்னு சொல்லி என்ன நடந்துச்சுன்னும் சொன்னேன், அப்புறம்தான் பேச்சே நல்லா போச்சு. ஏன் வாய் திறக்க மாட்டேங்கிறீங்கன்னு கொஞ்சம் யோசிங்க, திட்டு வாங்குற பயமா இல்ல தானே சமாளிச்சிடலாம்னு நெனப்பா, எஸ்ஸேக்கு உயிரு அங்கதான் இருக்கு. அதுக்காக வீட்டுக் கஷ்டம், உடம்பு விஷயம் எல்லாம் கொட்டணும்னு இல்ல.

பதில் 3:
அரியரை இதுல கலக்காதீங்க தம்பி. எப்படியும் டிரான்ஸ்கிரிப்ட்ல, அதாவது காலேஜ் மார்க் லிஸ்ட்ல தெரியும், அப்ளிகேஷன்ல கூடுதலா ஏதாவது சொல்லணுமான்னு கேக்குற இடத்துல நாலு வரி போதும், எந்த செமஸ்டர், ஏன், எப்ப க்ளியர் பண்ணீங்க. வாத்தியார் மேல பழி போடாதீங்க. எம்பிஏ நுழைவுத் தேர்வு ஜிமேட்ல குவான்ட் (கணக்குப் பகுதி) நல்லா வந்திருந்தா அதையும் ஒரு வரி சேருங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. திட்டு பயம் இல்லண்ணா, நான் திணர்றேன்னு மத்தவங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் இருந்திருக்கேன், இப்பதான் புரியுது. நாளைக்கு மேனேஜர்கிட்ட பேசிட்டு முதல் பாராவிலிருந்து மாத்தி எழுதுறேன்.