சோலைமந்திகளைப் பின்தொடர எட்டு மாதம், ஊதியமின்றி: ஏற்கலாமா?

வெடிப்பலா (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். நான் விலங்கியல் முதுகலை இறுதியாண்டு மாணவி. குரங்கினங்களின் நடத்தையை ஆராயும் ஒரு பல்கலைக்கழகக் குழு, ஆனைமலைப் பகுதியில் சிங்கவால் குரங்கு எனப்படும் சோலைமந்திகளைப் பின்தொடர்வதற்குக் கள உதவியாளர் ஒருவரைத் தேடுகிறது. பணிக்காலம் எட்டு மாதம். தங்குமிடமும் உணவும் தருகிறார்கள், ஊதியம் இல்லை, போக்குவரத்துச் செலவு நம்முடையது. வாரம் ஒருமுறை ஆய்வுக் கட்டுரை வாசிப்பு, நடத்தைப் பட்டியல் தயாரிக்கும் பயிற்சி, தோட்டப் பள்ளிகளில் பிள்ளைகளோடு உரையாடல் ஆகியவையும் உண்டு. பணி நிறைவாக இருந்தால், முனைவர் பட்ட விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுப்பதாகச் சொல்கிறார்கள்.

அப்பா தறி ஓட்டுகிறார். தங்கை இந்த ஆண்டுதான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். எட்டு மாதம் நான் எதுவும் அனுப்பாமல் இருந்தால் வீட்டில் சொல்ல மாட்டார்கள், ஆனால் தாங்கவும் மாட்டார்கள். அதே நேரத்தில், பள்ளிச் சுற்றுலாவில் வால்பாறைச் சாலையோரத்தில் குட்டியை வயிற்றோடு அணைத்தபடி கிளை தாவிய ஒரு தாய்மந்தியைப் பார்த்த நாளிலிருந்து, இதைத் தவிர வேறெதையும் நான் படிக்க விரும்பியதில்லை. துறையில் இருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

களக்குறிப்பேடு

தங்கைக்கு வணக்கம். ஆறு ஆண்டுகள் களத்தில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: போ. இந்தத் துறையின் அடிப்படைத் திறனை வகுப்பறையில் எவராலும் கற்றுக்கொடுக்க இயலாது. 1974-இல் விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் எழுதிய கட்டுரை, கண்ணில் பட்டதையெல்லாம் குறித்துக்கொள்வதற்கும், ஒரே விலங்கைக் குறித்த நேரம் வரை விடாமல் நோக்கிப் பதிவதற்கும், கூட்டம் முழுவதையும் சீரான இடைவெளியில் பார்த்துப் பதிவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக வகுத்துக் கொடுத்தது; இன்றும் நாம் அதைத்தான் பின்பற்றுகிறோம். அதைப் படித்து முடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். ஆனால் மழையில், தலைக்கு மேல் பல அடி உயரத்தில், இலைகளுக்கிடையே மறைந்து மறைந்து தெரியும் ஒரு கறுப்பு உருவத்தை மற்றொன்றிலிருந்து பிரித்தறிந்து, அது யாருக்குப் பேன் பார்த்தது, யார் வந்ததும் எழுந்து விலகியது என்று எழுதுவதற்குக் கண் பழக மாதங்கள் ஆகும்.

ஆனைமலையில் காணக் கிடைப்பது வேறெங்கும் எளிதில் கிடைக்காது. இடையூறில்லாத மழைக்காட்டில் சோலைமந்தி பெரும்பாலும் மர உச்சிகளிலேயே வாழ்வது. உன் புனைபெயரான வெடிப்பலா என்ற காட்டு மரம் தருவதுதான் அதன் உணவில் முதன்மையானது. தேயிலை, காப்பித் தோட்டங்கள் சூழ்ந்த புதுத்தோட்டத்தின் துண்டுக்காட்டிலோ அதே இனம் தரையில் இறங்கி நடக்கிறது, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளின் கூரையைப் பிரிக்கிறது. ஓர் இனம் தன் பழக்கவழக்கங்களை எப்படி மாற்றிக்கொள்கிறது என்பதை நேரில் காண இதைவிட நல்ல இடம் ஏது?

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இத்தகைய அழைப்புகளைப் பெரும்பாலும் விடுப்பவர் பேராசிரியர் அல்லர், ஒரு முனைவர் பட்ட மாணவர். அவருடைய உதவித்தொகையே பல மாதம் தாமதமாக வருவதுண்டு. தன் பையில் இல்லாததை அவர் எங்கிருந்து கொடுப்பார்? சிம்பன்சிகளை ஆராய ஜேன் குடால் 1960-இல் ஆப்பிரிக்காவின் கோம்பே காட்டுக்குப் போனபோது அவரிடம் பட்டம்கூட இல்லை என்பதையும் நினைத்துப் பார்.

முதல்தலைமுறை

களக்குறிப்பேடு அவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன்; முடிவோடு உடன்பட முடியவில்லை. குடாலைச் சான்றாகக் காட்டுபவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். அவரிடம் பட்டம் இல்லை என்பது உண்மை. ஆனால் மூத்த மானிடவியலாளர் லூயிஸ் லீக்கி அவருக்காக நல்கை தேடிப் பெற்றுக் கொடுத்த பிறகே அந்தப் பயணம் நடந்தது. தொடக்க காலத்தின் அந்த முன்மாதிரியிலேயே பணத்தை ஏற்பாடு செய்யும் பொறுப்பு மூத்தவருடையதாக இருந்தது, இளையவருடையதாக இல்லை.

நானும் இப்படி ஓர் அழைப்பை ஏற்றுப் போனவன்தான். இடத்தையும் குழுவையும் சொல்ல விரும்பவில்லை. ஐந்தாம் மாதம் அம்மாவின் மருத்துவச் செலவுக்காகத் திரும்பினேன். பாதியில் விட்டுப் போனவர் என்பதால் கடிதம் இல்லை என்றார்கள். என்னோடு சேர்ந்த, வசதியான வீட்டைச் சேர்ந்த நண்பர் எட்டு மாதமும் இருந்தார், இன்று வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். அவர் திறமையானவர், அதில் ஐயமில்லை. ஆனால் எங்கள் இருவருக்கும் இடையே முடிவு செய்தது திறமை அன்று.

இதை நீதி சார்ந்த முறையீடாக மட்டும் நான் வைக்கவில்லை. ஊதியமில்லாத முறை அறிவியலையே கெடுக்கிறது. அன்பு கூர்ந்து எண்ணிப் பாருங்கள்: எட்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறினால், ஒவ்வொரு முறையும் புதிய கண்கள் பழக வேண்டும். நாட்டுக்குரங்கு உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டினால் அது பெரும்பாலும் அச்சமும் பணிவும். புதியவர் அதை மிரட்டல் என்று குறித்துவிடுவார். இரண்டு பேர் ஒரே விலங்கை ஒரே நேரத்தில் தனித்தனியே பதிந்து ஒப்பிட்டுப் பார்க்கும் பயிற்சி முடியவே பல வாரங்கள் ஆகும். பயிற்சி முடித்து நம்பத்தக்க தரவு கொடுக்கத் தொடங்கும் வேளையில் அவருடைய காலம் முடிந்துவிடும்.

இதற்கு நேர்மாறாக, கரீபியன் பகுதியில், போர்ட்டோ ரிக்கோ பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ள காயோ சாந்தியாகோ தீவைப் பாருங்கள். 1938-இல் நம் நாட்டிலிருந்து கப்பலேற்றப்பட்ட 409 செம்முகக் குரங்குகளின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கின்றன. 1956 முதல் ஒவ்வொன்றின் பிறப்பும் இறப்பும் தாய்வழியும் பதியப்பட்டு வருகின்றன. 2017 செப்டம்பரில் மரியா புயல் தீவின் மரங்களை அழித்தது. புயலுக்குப் பிறகு அந்தக் குரங்குகள் முன்பு நெருங்காதவற்றோடும் நெருங்கி அமர்ந்தன, ஒன்றையொன்று கூடுதலாகப் பொறுத்துக்கொண்டன, சுருங்கிப்போன நிழலைப் பகிர்ந்துகொண்டன என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். புயலுக்கு முன் அவை எப்படி இருந்தன என்ற பதிவு ஒழுங்காக இருந்ததனால்தான் இந்தக் கண்டுபிடிப்பே இயன்றது. அந்தப் பதிவைக் காத்தவர்கள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே வேலை பார்த்த உள்ளூர்ப் பணியாளர்கள், பரிந்துரைக் கடிதத்துக்காக எட்டு மாதம் தங்கிப் போனவர்கள் அல்லர்.

களக்குறிப்பேடு

தம்பி, உங்களுக்கு நேர்ந்தது தவறு. ஐந்து மாதப் பணிக்கு ஐந்து மாதக் கடிதம் தருவதுதான் முறை. ஆனால் காயோ சாந்தியாகோவையும் ஒரு மாணவரின் மூன்றாண்டு ஆய்வையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அங்கே நிறுவனத்தின் நீண்டகால நிதி இருக்கிறது. இங்கே இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அதில்தான் அவர் தங்க வேண்டும், உண்ண வேண்டும், ஜீப்புக்கு வாடகை கொடுக்க வேண்டும். ஊதியம் தர முடியாதவர் உதவியாளரையே வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி செய்தால், எண்ணிக்கையில் சில ஆயிரங்களே எஞ்சியிருக்கும் ஓர் இனத்தைப் பற்றிய எத்தனையோ சிறு ஆய்வுகள் தொடங்காமலே போகும். அந்த இழப்பை யார் ஏற்பது?

தேயிலைமேடு

இருவருக்கும் வணக்கம். நான் வால்பாறைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகன். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தேன். ஒன்பது ஆண்டுகளாக ஆய்வாளர்களோடு காட்டுக்குள் போகிறேன். மாணவர்களுக்கு ஊதியம் உண்டா இல்லையா என்று நீங்கள் பேசும் இடத்தில் எங்களைப் போன்றவர்கள் பற்றியும் ஒரு சொல் சொல்ல அனுமதியுங்கள்.

எனக்கு நாள்கூலி வருகிறது. ஆய்வாளர் ஊருக்குப் போகும் மாதங்களில் வருவதில்லை. வலது கையில் இரண்டு விரல் இல்லாத பெண்மந்தியை எனக்கு அதன் குட்டிப் பருவத்திலிருந்தே தெரியும். அதன் தாய் எந்த மழைக்காலத்திலிருந்து தென்படவில்லை என்பதும் தெரியும். புதிதாக வரும் ஒவ்வொரு தம்பிக்கும் தங்கைக்கும் ஒவ்வொரு மந்தியையும் அடையாளம் காட்டிக் கொடுப்பவன் நான்தான். யானை நிற்கும் வளைவு எது, காட்டெருமை படுக்கும் புதர் எது என்று சொல்பவனும் நான்தான். கட்டுரை வெளிவரும்போது கடைசிப் பத்தியில் நன்றி சொல்லும் வரியில் என் பெயர் இருக்கும், சில நேரங்களில் எழுத்துப் பிழையோடு.

ஜப்பானில் கோஷிமா என்ற சிறிய தீவு. 1953-இல் ஒரு குட்டிக் குரங்கு சர்க்கரைவள்ளிக்கிழங்கை நீரில் கழுவித் தின்றதையும், அந்தப் பழக்கம் கூட்டத்தில் பரவியதையும் இந்தத் துறைக்கு வரும் அனைவரும் படிக்கிறார்கள். அதை முதலில் கவனித்தவர் பேராசிரியர் அல்லர். மிதோ சத்சுவே என்ற உள்ளூர் ஆசிரியை. கியோத்தோ பல்கலைக்கழக அறிஞர்கள் அவரை மறைத்துவிடவில்லை; பெயர் சொல்லி வரலாற்றில் வைத்தார்கள். ஒரு மாணவி இந்தக் கதையைச் சொன்ன நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை.

எனவே என் கருத்து இது. இலவசமாக வேலை பார்க்க ஆள் கிடைக்கும் வரை, எங்களை ஆண்டு முழுவதும் மாதச் சம்பளத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எவருக்கும் தோன்றாது. வெடிப்பலா தங்கை சம்பளமின்றி வந்தால் அவர் வீட்டுக்கு மட்டுமன்று, எங்கள் வீட்டுக்கும் அது குறைவுதான். தங்கை இதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நிறைமதி

தேயிலைமேடு அண்ணன் சொன்னதற்குப் பிறகு நான் சேர்க்க வேண்டியது சிறிதுதான். களத்துக்குப் போகும் வழி ஒன்று மட்டும் இல்லை என்பதைத் தங்கை அறிந்திருக்க வேண்டும். நான் ஒரு பல்கலைக்கழகக் குழுவில் காணொளிகளைப் பார்த்து நடத்தைகளைக் குறியிடும் பணியில், ஊதியத்தோடு, தொடங்கினேன். ஆப்பிரிக்கக் காடுகளில் தானியங்கிக் கேமராக்கள் பதிந்த சிம்பன்சிக் காணொளிகளைப் பொதுமக்களே வகைப்படுத்த உதவும் திட்டம் 2015 முதல் நடந்திருக்கிறது. அதுபோன்றவற்றில் மாலை வேளைகளில் வீட்டிலிருந்தே கண்ணைப் பழக்கலாம். இன்னொன்று: நாட்டுக்குரங்கைப் பார்க்க ஆனைமலை வரை போக வேண்டாம். அழகர்கோவில் மலையடிவாரத்திலேயே, எவருடைய தயவும் இன்றி, ஒரு நோட்டும் கைக்கடிகாரமும் கொண்டு, மக்கள் உணவு கொடுக்கும்போதும் கொடுக்காதபோதும் அவற்றின் சண்டைகள் எப்படி மாறுகின்றன என்று இரண்டு மாதம் பதியலாம். வடக்கிலிருந்து செம்முகக் குரங்குகள் பரவிவந்து நாட்டுக்குரங்குகளின் வாழிடங்களைப் பிடித்துவரும் இக்காலத்தில், நமக்குப் பழகிப்போன இந்த இனத்தைப் பற்றிய பதிவுகளுக்கும் மதிப்பு உண்டு.

களக்குறிப்பேடு

காணொளிக்கு முன் அமர்ந்து கற்றவர் களத்தில் முதல் வாரம் தடுமாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். காணொளியில் வேறொருவர் எங்கே பார்க்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்துவிடுகிறார். களத்தில் அதை முடிவு செய்வதுதான் வேலையே. இதில் என் கருத்து மாறவில்லை.

ஆனால் தேயிலைமேடு தம்பி எழுதியதை இரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். என் ஆய்வேட்டிலும் காட்டுக்குள் என்னை அழைத்துச் சென்ற உள்ளூர் வழிகாட்டியின் பெயர் நன்றியுரையில்தான் இருக்கிறது. தரவில் பாதி அவர் கண்ணால் வந்தது. கட்டுரையாசிரியர் பட்டியலில் சேர்த்திருக்கலாம். அப்போது அது எனக்குத் தோன்றவே இல்லை. இதைத் தவறென்று ஒப்புக்கொள்கிறேன்.

முதல்தலைமுறை

அக்கா இவ்வளவு வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. சிறு ஆய்வுகள் நின்றுபோகும் என்ற உங்கள் அச்சத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நம் நாட்டின் நிதிநல்கைத் திட்டங்களில் களப்பணியாளர் என்ற பணியிடமும் அதற்கான ஊதியமும் முறையாக வரையறுக்கப்பட்டிருக்கின்றன. விண்ணப்பம் எழுதும்போதே அந்த இடத்தைக் கேட்டுப் பெறும் பொறுப்பு, குழுவை நடத்தும் பேராசிரியருடையது. கேட்காமல் விட்டுவிட்டு, பின்னர் மாணவரின் பையில் பணம் இல்லை என்று சொல்வது பொருந்தாது. மேலும், காட்டில் உண்ணி கடித்து வரும் கியாசனூர்க் காய்ச்சல் 1957 முதல் மேற்குத் தொடர்ச்சி மலையில் அறியப்பட்ட நோய். நீலகிரி வரை அது பரவியிருக்கிறது. ஊதியப் பதிவேட்டில் பெயர் இல்லாத ஒருவர் காய்ச்சலில் விழுந்தாலோ யானை துரத்தி எலும்பு முறிந்தாலோ மருத்துவச் செலவு யாருடையது? தங்கை, கடிதம் பற்றிக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

வெடிப்பலா

எல்லோருக்கும் நன்றி. நேற்று அந்தக் குழுவுக்கு எழுதினேன். மூன்று கேள்விகள் கேட்டேன்: விபத்துக்கும் நோய்க்கும் காப்பீடு உண்டா, இடையில் விலக நேர்ந்தால் செய்த பணிக்குக் கடிதம் உண்டா, எட்டு மாதத்துக்கு ஊதியம் தர இயலாவிட்டால் ஊதியத்தோடு குறுகிய காலப் பணி தர இயலுமா.

இன்று காலை பதில் வந்தது. காப்பீடு இதுவரை இல்லை, இனி எடுப்பதாகச் சொல்கிறார்கள். கடிதத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். மூன்று மாதத்துக்கு மட்டும், மாதம் ஒரு சிறு தொகை தர முடியும் என்கிறார்கள். தறிக்கூடத்தில் அப்பா வாங்குவதைவிட அது குறைவுதான், ஆனால் தங்கையின் விடுதிக் கட்டணத்துக்குப் போதும். மூன்று மாதத்தில் கண் பழகுமா என்று களக்குறிப்பேடு அக்காதான் சொல்ல வேண்டும். காப்பீட்டுத் தாள் கைக்கு வந்த பிறகே கிளம்புவதென்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அதுவரை வார இறுதிகளில் அழகர்கோவில்.

களக்குறிப்பேடு

மூன்று மாதத்தில் முழுவதும் பழகாது. முதல் மாதம் எதையும் தரவாக எழுதாதே. அடையாளம் காண மட்டும் பழகு. தேயிலைமேடு தம்பி எந்த மந்தியைக் காட்டினாலும், அதன் பெயரோடு காட்டியவர் பெயரையும் சேர்த்து உன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்.

தேயிலைமேடு

அட்டை கடிக்காமல் காக்கும் காலுறை இரண்டு இணை கொண்டு வாருங்கள், தங்கை; ஒன்று காய்வதற்குள் மற்றொன்று நனைந்துவிடும். விரல் இல்லாத அந்த மந்தி இந்த மாதம் குட்டி ஈன்றிருக்கிறது.