பெரிய ஆட்டக்காரர் நல்ல கோச் ஆகிவிடுவாரா?

குன்னூர் ஸ்டிக்:
அருவங்காட்டில் சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கிறேன். ராத்திரி போனில் ஐஸ் ஹாக்கி பார்ப்பேன். வேய்ன் கிரெட்ஸ்கி வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீகான என்ஹெச்எல்லில் 894 கோல் அடித்தவர். எட்மண்டன் அணிக்கு ஆடி, லீக் சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பையை 4 தடவை வாங்கினார். அவரே 2005 முதல் 2009 வரை ஃபீனிக்ஸ் அணிக்கு கோச்சாக இருந்து ஒரு தடவைகூட பிளேஆஃப் (கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள்) போகவில்லை. எப்படி?

சோலைக்காடு:
அந்த டீமே சுமார்தான். 2009-ல் திவால் வரை போயிற்று. கோச் மட்டும் என்ன செய்வார்?

வெலிங்டன் ஹவில்தார் (ஓய்வு):
அதுவும் உண்மைதான். ஆனால் தம்பி, நான் லடாக்கில் லேயில் இருந்தபோது கார்சூ குளம் உறைந்ததும் ஆட்டம் பார்க்கப் போவேன். ஒருவன் முக்கால் நிமிஷம் உயிரைக் கொடுத்து ஓடுவான், உடனே அடுத்தவன் இறங்குவான். ஆட்டம் நிற்காது. யாரை எப்போது இறக்குவது என்பதில்தான் கோச்சின் பாதி வேலை. கிரெட்ஸ்கிக்கு பக் (பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டு) எங்கே வரும் என்று தானாகத் தெரியும். தானாகத் தெரிந்ததை அடுத்தவனுக்கு எப்படிச் சொல்வது?

மார்ட்டின் செயின்ட் லூயியைப் பாருங்கள். உயரம் 5 அடி 8 அங்குலம். அணிகள் புது ஆட்டக்காரர்களைப் பொறுக்கும் டிராஃப்டில் ஒருவரும் எடுக்கவில்லை, கால்கரி அணி கழற்றிவிட்டது. தம்பா பே அணிக்குப் போய் 2004-ல் கோப்பையும், அணிக்கு மிக முக்கியமான ஆட்டக்காரருக்கான ஹார்ட் டிராஃபியும் வாங்கினார். குள்ளமான ஆள், இடித்துத் தள்ள முடியாது. எங்கே நிற்பது என்று ஒவ்வொரு அடியும் யோசித்துத்தான் பிழைத்திருப்பார். ஓய்வுக்குப் பிறகு சொந்தப் பையன்களின் டீமுக்கு கோச். 2022 பிப்ரவரியில் நேராக என்ஹெச்எல்லின் மாண்ட்ரியல் அணிக்கு கோச்! அப்போது அது கடைசி இடத்தில் கிடந்தது. 2025-ல் பிளேஆஃப் போய்விட்டது.

சோலைக்காடு:
அப்படியானால் கோச் ஜான் கூப்பர்? வக்கீல். என்ஹெச்எல்லில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். 2020, 2021 இரண்டு வருஷமும் அதே தம்பா பேவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார்.

வெலிங்டன் ஹவில்தார் (ஓய்வு):
வக்கீலுக்கு எடுத்துச் சொல்லத் தெரியாமல் இருக்குமா? நான் சொல்வதும் அதைத்தானே!

குன்னூர் ஸ்டிக்:
சரி அண்ணா. என் டீமில் ஒரு பொடியன் இருக்கிறான். வேகம் கிடையாது, ஆனால் பந்து எப்படியோ அவனிடம்தான் வரும். எங்கே நிற்கிறான், ஏன் நிற்கிறான் என்று மற்றவர்களுக்கு அவனையே சொல்லச் சொல்லப் போகிறேன். வாய் திறப்பானா என்பதுதான் சந்தேகம்.