உயரக் கயிற்றுப் பாதையில் ஏறப் பிள்ளையை எப்படிப் பழக்குவது?

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மட்டக்களப்பு கல்லடி. போன லீவுக்கு மலைநாட்டுப் பக்கம் போன இடத்தில், மரங்களுக்கிடையே கம்பியும் பலகையும் கட்டிய உயரக் கயிற்றுப் பாதையில் நானும் 11 வயது மகளும் ஏறினோம்.

முதல் மேடை வரை நன்றாகத்தான் போனாள். அடுத்தது தொங்கு பலகைகள். ஒன்றில் கால் வைத்தால் மற்றது விலகும். நடுவில் நின்றவள், கம்பியை இறுக்கிப் பிடித்து விரல்கள் வெளுத்துப்போக, "அம்மா, ஏலாது" என்றாள். இடுப்புப் பட்டியில் இரண்டு கொளுக்கிகள். ஒன்றைக் கழற்றி மாற்றும்போது மற்றது கம்பியிலேயே இருக்க வேண்டும். அந்தப் பயத்தில் எது எதென்று அவளுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் பணியாளர் ஒருவர் வந்து இறக்கினார். ஏறுமுன் தரையில் பழக்கியது ஐந்து நிமிடம்கூட இல்லை. அது எனக்கு இன்னும் கோபம்தான்.

இப்போது அவளே திரும்பப் போகக் கேட்கிறாள். ஆகஸ்டில் செங்கலடி–பதுளை வீதியால் மலைநாட்டு ஊரான எல்லவின் பக்கம் போக யோசிக்கிறோம். பிள்ளைகளைத் தாழ்வான கயிற்றில் ஆறுதலாகப் பழக்கிவிட்டு மேலே ஏற்றும் இடம் அங்கே இருக்கிறதா? உயரம், எடைக் கட்டுப்பாடு எப்படி? கொளுக்கி மாற்றுவதை வீட்டிலேயே பழக்கலாமா? பிள்ளைகளோடு போய் வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.