டெக், பேட்டியோ இரண்டுக்கும் ஹெலிகல் பியர் போடலாமா?

மண்வாசல்:

வீட்டுக்குப் பின்னால் 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில் ஒரு மர டெக்கும் (கால்கள்மேல் உயர்த்திக் கட்டும் மரத் தளம்) அதை ஒட்டி கான்கிரீட் பேட்டியோவும் (தரையோடு போடும் திறந்தவெளித் தளம்) போடப் போகிறோம். சிக்கல் மண்தான். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணையே திரும்பக் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள், சரியாகத் திமிசு போடவில்லை, ஒரே மழைக்காலத்தில் சுவரோரம் ஒரு சாண் அளவுக்கு உள்வாங்கிவிட்டது. வந்து பார்த்த ஒப்பந்தக்காரர் இரண்டுக்குமே ஹெலிகல் பியர், அதாவது மண்ணுக்குள் திருகி இறக்கும் இரும்புக் கால், இறக்கிவிடலாம், குழி தோண்டவே வேண்டாம், மறுநாளே மேல்வேலையைத் தொடங்கலாம் என்கிறார். ஏதோ புதிதாக வந்த முறை போலிருக்கிறது. ஓர் இரும்புக் குழாயைத் திருகி இறக்கிவிட்டு அது இவ்வளவு எடை தாங்கும் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? பேட்டியோவுக்கும் இது தேவைதானா?

கடைக்கால்:

புதிய முறை இல்லை. அலெக்சாண்டர் மிட்செல் என்ற பார்வையிழந்த பொறியாளர் 1833லேயே இதற்குக் காப்புரிமை வாங்கி, கடலோர மணல்திட்டில் கலங்கரை விளக்கத்தையே இதன்மேல் நிறுத்தினார். டெக்குக்குத் தாராளமாகப் போடலாம். கான்கிரீட் தூண் என்றால் அந்த நிரப்பு மண்ணைத் தாண்டி, கலையாத பழைய மண் வரை தோண்ட வேண்டும். பியர் என்பது முனைக்குப் பக்கத்தில் சுருள் தகடு பற்றவைத்த எஃகுத் தண்டு. மரத்தில் ஸ்க்ரூ இறங்குகிற மாதிரி சுற்றுக்கு ஏறக்குறைய 75 மி.மீ. இறங்கிப் போய், கெட்டி மண்ணில் தகடு உட்காரும். எடையைத் தாங்குவது அந்தத் தகடு, மேலே தண்டைச் சுற்றியிருக்கும் தளர்ந்த மண் அல்ல.

தாங்குதிறனுக்கு வருவோம். இறக்கும்போதே டார்க், அதாவது முறுக்கு விசை, எவ்வளவு என்று அளப்பார்கள். மண் கெட்டியாக ஆக ஆக அது ஏறும். 73 மி.மீ. குழாய்த் தண்டு என்றால், நியூட்டன்-மீட்டரில் வரும் அளவை 30 ஆல் பெருக்கினால் நியூட்டனில் உச்சத் தாங்குதிறன் கிடைக்கும், அதில் பாதியைத்தான் நம்பி ஏற்ற வேண்டும் என்பது நடைமுறை. உங்கள் டெக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு நீளப் பக்கத்தை வீட்டோடு பிடித்துவிட்டு வெளி ஓரத்தில் 3 பியர் வைத்தால், நடுவில் இருப்பது 3 மீட்டருக்கு 2 மீட்டர், அதாவது 6 சதுர மீட்டரைச் சுமக்கும். ஆட்கள், சாமான்கள், டெக்கின் சொந்த எடை எல்லாம் சேர்த்து சதுர மீட்டருக்கு 250 கிலோ போட்டால் 1.5 டன். அதற்கு இரண்டு மடங்கு 3 டன், கிட்டத்தட்ட 30,000 நியூட்டன். ஆக அந்தப் பியரில் 1,000 நியூட்டன்-மீட்டர் வந்தாக வேண்டும். வரவில்லையா, தண்டை நீட்டிக்கொண்டு இன்னும் கீழே போக வேண்டும், வரைபடத்தில் போட்ட ஆழம் வந்துவிட்டது என்று நிறுத்தவே கூடாது. ஒவ்வொரு பியருக்கும் ஆழம், முறுக்கு விசை இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மாட்டேன் என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கலவைக்காரன்:

டெக் பற்றி மேலே சொன்னது சரி. பேட்டியோவுக்கு வேண்டாம் என்பேன், கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். தரையில் போடும் ஸ்லாப் முழுக்க முழுக்க மண்மேல் படுத்திருக்கிறது. அதற்கு அங்கங்கே பியர் வைத்தால், நாளை நிரப்பு மண் இன்னும் இறங்கும்போது ஸ்லாப் பியர்களுக்கு இடையே அந்தரத்தில் நிற்கும். 100 மி.மீ. கனத்தில் ஒரு கம்பி வலை போட்டு ஊற்றியது அப்படித் தொங்குவதற்குச் செய்ததல்ல, நடுவில் பிளந்துவிடும். பியர்மேல்தான் நிற்க வேண்டும் என்றால் மாடித் தளத்துக்குக் கம்பி கட்டுவது போல அடிக்கம்பி, பீம் எல்லாம் கணக்குப் போட்டுக் கட்ட வேண்டும். உட்கார்ந்து காற்று வாங்கும் இடத்துக்கு அது அநியாயச் செலவு.

அந்தப் பணத்தில் தளர்ந்த மண்ணை எடுத்துவிட்டு, 150 மி.மீ. அடுக்குகளாகப் போட்டு ஒவ்வோர் அடுக்கையும் ஈரப்பதம் பார்த்து இயந்திரத்தால் இறுக்கி, மேலே ஜல்லிப் படுகை போடுங்கள். மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டம், வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக. நானாக இருந்தால் கான்கிரீட்டை விட்டுவிட்டு பேவர் பிளாக் பதிப்பேன், ஒரு மூலை இறங்கினால் பெயர்த்து மட்டம் பார்த்துத் திரும்பப் பதிக்கலாம். பேட்டியோமேல் கூரை வருகிறது என்றால் அந்தத் தூண்களுக்கு மட்டும் பியர் போடுங்கள், ஸ்லாப் தூணைத் தொடாமல் இடைவெளி விட்டு.

மண்வாசல்:

தெளிவாகிவிட்டது, நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. மண்ணுக்குள் கற்கள் கிடக்கின்றன. டெக் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரம் வரும். இரண்டும் பரவாயில்லையா?

தச்சுப்பட்டறை:

சின்னக் கற்களைத் தகடு ஒதுக்கிக்கொண்டு போகும். பெரிய கல்லில் முட்டினால்தான் தொல்லை. தண்டு சுற்றும், ஆனால் கீழே இறங்காது, மண்ணைக் கடைந்து வைத்துவிடும். முறுக்கு விசை அளக்கும் கருவி அப்போது காட்டும் பெரிய எண் மண்ணின் பலம் அல்ல, கல்லின் முட்டல். அதனால் பக்கத்திலேயே நின்று சுற்றுக்கு 75 மி.மீ. இறங்குகிறதா என்று பாருங்கள், கடைசி ஒரு மீட்டரில் எண் சீராக வர வேண்டும். முட்டினால் எதிர்ப்பக்கம் திருகி வெளியே எடுத்து, கல்லை அகற்றலாம் அல்லது கொஞ்சம் தள்ளி இறக்கலாம், பீம் அதற்கு இடம் கொடுக்கும் என்றால். அடியில் பாறையே இருந்தால் இந்த முறையை மறந்துவிடுங்கள்.

உயரம்தான் எனக்குக் கவலை. ஒல்லியான தண்டு நேர் எடையைத் தாங்கும், பக்கவாட்டில் தள்ளினால் வளையும். உங்கள் மேல்மண்ணும் தளர்ந்தது, அது தண்டைப் பிடித்து நிறுத்தாது. பியரைத் தரை மட்டத்துக்குச் சற்று மேலே வெட்டி, தலைப்புத் தகடு வைத்து, அதன்மேல் மரக்கால் நிறுத்தி, கால்களுக்கும் பீமுக்கும் குறுக்குச் சட்டம் அடியுங்கள். வீட்டோடு பிடிக்கும் பலகையை ஆணியில் விடாமல் போல்ட்டில் இறுக்குங்கள். தரை உறையும் குளிர்ப் பிரதேசம் என்றால் தகடு உறைமட்டத்துக்குக் கீழே போயிருக்க வேண்டும், நனைந்தால் உப்பும் களிமண் என்றால் அந்த உப்பல் நடக்கும் அடுக்கையும் தாண்டி. தண்டு முழுக்கத் துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாக இருக்கட்டும்.

இயந்திரம் வருவதற்கு முன்னால் மின்கம்பி, எரிவாயுக் குழாய், கழிவுநீர்க் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று கண்டுபிடித்துத் தரையில் கோடு போட்டு வையுங்கள். தகடு அந்தக் குழாயில் பட்டால் மேலே நிற்பவருக்குச் சில நேரம் தெரியவே தெரியாது.