ஸ்கிரிப்டில் பாஸ்வேர்டு: உங்களுக்கு என்ன ஆச்சு?

எங்கள் அணியில் ராத்திரி பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதிய தம்பி, எக்கோ போட்டு பைப் வழியாக பாஸ்வேர்டை எஸ்எஸ்ஹெச்சுக்கு (தொலைவிலுள்ள சர்வரில் நுழையும் கருவி) தள்ளினான். அது அசையவே இல்லை. பாஸ்வேர்டு கேட்டபடி நின்றது. எஸ்எஸ்ஹெச் அதை ஸ்டாண்டர்ட் இன்புட்டிலிருந்து (பைப் வழியாக வரும் உள்ளீடு) வாங்காது, டெர்மினலை நேரே திறந்துதான் கேட்கும். குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டைத் தானே ஓட்டும் கிரானில் டெர்மினலே கிடையாது.

இதற்கென்றே இருக்கும் எஸ்எஸ்ஹெச்பாஸ் என்ற கருவி செய்வது ஒரு சின்னத் தில்லுமுல்லு. போலி டெர்மினல் ஒன்றை உருவாக்கி, கேள்வி வந்ததும் பதிலைத் தட்டிவிடும். எக்ஸ்பெக்ட் என்ற கருவி 1990லிருந்தே செய்துவரும் வேலைதான். ஆனால் 'மைனஸ் பி' போட்டால் பாஸ்வேர்டு கட்டளை வரியிலேயே போகும். எஸ்எஸ்ஹெச்பாஸ் உடனே அதை அழிக்கப் பார்க்கும்; இருந்தாலும் அந்த இடைவெளியில் யாராவது பிஎஸ் (ஓடும் கட்டளைகளைக் காட்டுவது) அடித்தால் தெரிந்துவிடும். போதாததற்கு ஸ்கிரிப்டோடு சேர்ந்து கோடைச் சேமித்துவைக்கும் கிட்டுக்கும் போய்விடும். 'மைனஸ் எஃப்' போட்டு, 600 அனுமதி (உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்) உள்ள தனிக் கோப்பிலிருந்து படிக்கச் சொன்னால் பரவாயில்லை.

— அண்ணே, எனக்கு வேறு கதை. கையால் ஓட்டினால் வேலை செய்யும், கிரானில் சத்தமே இல்லாமல் செத்துவிடும். எஸ்எஸ்ஹெச்பாஸின் எக்ஸிட் கோடைப் பார்த்தால் 6. அதாவது ஹோஸ்ட் கீ (சர்வரின் அடையாளம்) தெரியாத சர்வர். கையால் ஓட்டியது என் யூசரில், கிரான் ஓடுவது வேறு யூசரில். அந்த யூசருக்கு, தெரிந்த சர்வர்களைக் குறித்துவைக்கும் நோன் ஹோஸ்ட்ஸ் கோப்பே காலி. நெட்டில் தேடினால் ஹோஸ்ட் கீ சோதனையையே அணைக்கச் சொல்கிறார்கள். எதிரில் இருப்பது யார் என்று பார்க்காமல் பாஸ்வேர்டை நீட்டுவதா? அந்த யூசராகவே ஒருமுறை நுழைந்து, ஹோஸ்ட் கீயின் கைரேகையைச் சரிபார்த்து 'யெஸ்' கொடுத்தேன். அதோடு சரி.

— கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலான சாவிக் கோப்பு) போட முடிந்த இடத்தில் பாஸ்வேர்டே எதற்கு? ஈடி25519 வகைக் கீ ஒன்று உருவாக்கி, அதன் பொதுப் பகுதியை எஸ்எஸ்ஹெச்-காப்பி-ஐடி கட்டளையால் சர்வருக்கு அனுப்பினேன். மறுபக்கத்தில் அனுமதித்த கீகள் இருக்கும் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பின் வரியில் 'ரெஸ்ட்ரிக்ட்' சேர்த்து, கமாண்டு இதுதான் என்று கட்டிவிட்டேன். கீ திருடு போனாலும் பேக்கப் கட்டளையைத் தவிர வேறெதுவும் ஓடாது. ஒரு சர்வர் மட்டும் கீயை ஏற்காமல் படுத்தியது. லாக்கில் பார்த்தால் ஹோம் டைரக்டரியில் குரூப்புக்கு எழுதும் அனுமதி இருந்தது. அதை எடுத்ததும் உள்ளே விட்டது. ஸ்கிரிப்டில் பேட்ச்மோடு 'யெஸ்' என்றும் போட்டு வைத்திருக்கிறேன். கீ வேலை செய்யாவிட்டால் பாஸ்வேர்டு கேட்டு நிற்காமல் உடனே பிழையோடு வெளியே வந்துவிடும்.

— எங்கள் பழைய நெட்வொர்க் ஸ்விட்சுகள் கீயே வாங்காது. அதனால் எஸ்எஸ்ஹெச்பாஸ்தான். படிக்க மட்டும் உரிமையுள்ள தனி யூசரை அதில் உருவாக்கிக்கொண்டோம், அப்புறம் நிம்மதி.